தாழ்ந்த காரும் தணிக்கும் கருவியும்



ஓய்வு பெற்ற ஆசிரியனுக்குப் பழைய மாணவர்களின் வருகையைக் காட்டிலும் மகிழ்ச்சி தருவது வேறில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, என்னிடம் பள்ளியில் பௌதிகம் பயின்று, இப்போது பொறியியற் கல்லூரியில் படிக்கும் ஒருவர் தம் காரில் என் இல்லத்திற்கு வந்தார். கார் தரையோடு தரையாகப் படிந்து நின்றது. "ஐயா, நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்தியிருக்கிறேன், பந்தயக் கார் போல இல்லையா?" என்று பெருமையோடு கேட்டார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தெருமுனை வேகத்தடையைக் கடக்கையில் அடியில் 'டங்' என்றோர் ஓசை. என் முதுகெலும்பு அதனைத் தெளிவாகக் குறித்துக்கொண்டது.

சிறிது தூரம் சென்றபின் அவரே தயங்கித் தயங்கி ஒன்றைக் கூறினார். முந்திய வாரம் மழையில் ஒரு வளைவில் திரும்பும்போது, முன்சக்கரம் மேடொன்றில் ஏறியதும் கார் துள்ளிப் பாதையை விட்டு விலகி, சாலையோர மண்ணில் போய் நின்றதாம். அவருடைய தங்கை பின்னிருக்கையில் இருந்தாளாம். நல்லூழாக எவருக்கும் காயமில்லை. "ஸ்பிரிங்குகள் புதியவை, டயர்களும் புதியவை. எங்கே குறை என்று விளங்கவில்லை, ஐயா" என்றார்.

"ஷாக் அப்ஸார்பர்களை மாற்றினாயா, தம்பி?" என்று கேட்டேன்.

"அவை நன்றாகத்தானே இருக்கின்றன? எதற்கு மாற்றவேண்டும்?" என்றார்.

அந்த வினாவிற்கு நான் அன்று அளித்த விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

வகுப்பறையில் நீங்கள் செய்த சோதனையை நினைவுகூருங்கள். சுருள்வில் ஒன்றில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, சற்றே கீழே இழுத்து விட்டால் அது நெடுநேரம் மேலும் கீழும் ஆடுகிறது. அதே கல்லை எண்ணெய் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்தி ஆட்டினால், ஓரிரு ஆட்டத்தில் அடங்கிவிடுகிறது. சுருள்வில் தான் பெற்ற சக்தியைச் சேமித்து வைத்துத் திருப்பித் தருவது. எண்ணெயோ அச்சக்தியை உஷ்ணமாக மாற்றிக் கரைத்துவிடுவது. காரிலும் இவ்விரண்டே உள்ளன. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. ஷாக் அப்ஸார்பர் ஆட்டத்தைத் தணிக்கிறது. எண்ணெய் நிறைந்த குழாயில் நுண்ணிய வழிகளையுடைய பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் நகர்கிறது. அவ்வழிகளில் எண்ணெய் நெருக்குண்டு பாய்வதே தணிப்பிற்குக் காரணம். கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடிய காரில் இக்கருவி சூடேறி இருப்பதும் இதனாலேயே.

ஸ்ட்ரட் என்பது யாது? ஏர்ல் மெக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலார் வகுத்த அமைப்பு இது. 1950-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரின் முன்புறத்தில் இது இடம்பெற்றது. நம் நாட்டில் 1983-இல் வெளிவந்த மாருதி 800-இன் முன்புறத்திலும் இதுவே அமைந்தது. சாதாரண ஷாக் அப்ஸார்பருக்குத் தணிப்பது ஒன்றே தொழில். ஸ்ட்ரட்டோ, தணிப்பதோடு ஸ்பிரிங்கையும் தாங்கி, சக்கரத்தையும் நிமிர்த்திப் பிடித்து, திரும்பும்போது அதற்கு அச்சாகவும் நிற்கிறது. ஒருவரே நான்கு அலுவல்களைப் பார்ப்பது போன்றது இது. ஆதலின் ஸ்ட்ரட்டைத் தேர்வதில் பிழை நேர்ந்தால், நான்கு அலுவல்களும் பழுதுறும்.

இனி, காரைத் தாழ்த்தும்போது நாம் இழப்பது யாது என்று பார்ப்போம். உயரத்தை இழக்கிறோம் என்பீர்கள். உண்மையில் இழப்பது சக்கரம் மேலெழுவதற்கு இருந்த இடத்தை. ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை, விதி மாறாது.

ஒரு முன்சக்கரத்தின்மேல் 300 கிலோகிராம் பாரம் இருக்கிறது என்று கொள்க. ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அழுத்த 20 நியூட்டன் விசை வேண்டும். நின்ற நிலையிலிருந்து, பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர்த் தடையில் முட்டும்வரை 80 மில்லிமீட்டர் இடம் உண்டு. அவ்விடத்தில் ஸ்பிரிங் ஏற்கக்கூடிய சக்தி, விசையெண்ணின் பாதியைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வருவது. அதாவது 64 ஜூல். இப்போது 40 மில்லிமீட்டர் தாழ்த்துகிறோம். எஞ்சிய இடம் பாதி. ஏற்கும் சக்தி பாதியா? அன்று! தூரத்தின் வர்க்கம் அன்றோ கணக்கில் வருகிறது? கால்பங்குதான் எஞ்சும், 16 ஜூல். ஸ்பிரிங்கின் கடினத்தை ஒன்றரை மடங்காக்கி 30 நியூட்டன் ஆக்கினாலும் 24 ஜூல்தான் கிடைக்கும். பழைய 64-ஐ எட்ட வேண்டுமானால் ஸ்பிரிங்கை நான்கு மடங்கு கடினமாக்க வேண்டும். அத்தகைய கார் மாட்டுவண்டியையும் வென்றுவிடும்!

நம் மாணவர் வேகத்தடையில் கேட்ட ஓசையின் பொருள் இதுவே. இடம் தீர்ந்து, ஸ்ட்ரட் ரப்பர்த் தடையில் முட்டியது. நேர்ச்சாலையில் இது முதுகுவலியோடு போகும். வளைவிலோ, முட்டிய கணத்தில் அந்தச் சக்கரம் மரக்கட்டை போல் விறைத்து, காரையே மேலே தூக்கி எறிகிறது. அடுத்த கணம் டயர் தரையை அழுத்தும் விசை குன்றுகிறது. அழுத்தம் குன்றினால் பிடிப்பும் குன்றும். ஈரச் சாலையில் அப்பிடிப்பை இழந்ததே அன்றைய விபத்து.

அடுத்து, தணிப்பின் அளவு. ஸ்பிரிங் கடினமாக ஆக, அது மீண்டும் விரியும் வேகமும் கூடுகிறது. எடுத்துக்கொண்ட காரின் முன்புறம் வினாடிக்கு ஏறத்தாழ 1.3 முறை ஆடும் இயல்புடையது. 30 நியூட்டன் ஸ்பிரிங் இட்டால் 1.6 முறை ஆடும். அதே அளவு அடக்கம் வேண்டுமானால், தணிப்பும் கடினத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் கூடவேண்டும். 1.5-இன் வர்க்கமூலம் 1.22. ஆகவே நூற்றுக்கு 22 பங்கு மிகுதியான தணிப்பு வேண்டும். பழைய ஷாக் அப்ஸார்பர் 'நன்றாகத்தான்' இருந்தது. ஆனால் அது பழைய ஸ்பிரிங்கிற்காகச் செய்யப்பட்டது. இதற்கு எதிரான பிழையும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய தணிப்புடையதைப் பொருத்தினால், அடுக்கடுக்கான மேடுகளில் ஸ்பிரிங் விரிந்து மீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கார் படிப்படியாக அமிழ்ந்து ரப்பர்த் தடையிலேயே குந்திவிடும். கடினமே சிறப்பு என்று எண்ணுவது தவறு.

ஆகவே தேர்வு செய்வோர் கருதவேண்டியவை இவை.

முதலாவது, நீளம். தாழ்த்திய காரில் பழைய ஸ்ட்ரட்டின் பிஸ்டன் குழாயின் அடிப்பகுதியிலேயே உழல்கிறது. தாழ்த்திய காருக்கென்று உடல் குறுகச் செய்த ஸ்ட்ரட்டும், அதற்கேற்ற குட்டையான ரப்பர்த் தடையும் இட்டால், இழந்த இடத்தில் ஒரு பகுதி மீளும். முழுவதும் விரிந்த நிலையிலும் ஸ்பிரிங் தன் இருக்கையினின்று கழலாமல் இறுகி இருக்கிறதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. ஸ்பிரிங்கை அறுத்தோ, நெருப்பில் காய்ச்சியோ குட்டையாக்குவது உயிரோடு விளையாடுவதாகும். காய்ச்சிய எஃகு தன் வலிமையை இழக்கும்.

இரண்டாவது, பொருத்தம். ஸ்பிரிங்கும் தணிப்பானும் ஒன்றற்கொன்று அளந்து செய்யப்பட்டனவாக இருத்தல் வேண்டும். ஓர் அச்சில் இரண்டையும் ஒருங்கே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, உள்ளமைப்பு. இரட்டைக் குழாய் வகை விலை குறைந்தது. ஆனால் கடும் உழைப்பில் எண்ணெயில் காற்றுக் கலந்து நுரைத்துத் தணிப்பு தளரக்கூடும். டி கார்பன் என்னும் பிரெஞ்சுப் பொறியியலார் 1950-களில் உருவாக்கிய ஒற்றைக் குழாய் வகையில், உயர் அழுத்த வாயு தனி அறையில் அடைபட்டு எண்ணெயை அழுத்தி நிற்பதால் நுரைத்தல் அரிது. உஷ்ணமும் எளிதில் வெளியேறும்.

நான்காவது, கோணங்கள். காரைத் தாழ்த்தினால் சக்கரங்களின் சாய்வும் திசையும் மாறும். ஆதலின் வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே தீரவேண்டும்.

அன்று மாலை என் திண்ணையில் அமர்ந்து அந்த மாணவர் மீண்டும் கணக்கிட்டார். 40-க்குப் பதிலாக 25 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தி, 15 மில்லிமீட்டர் குறுகிய உடலுடைய ஸ்ட்ரட்டை இட்டால் 70 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். 30 நியூட்டன் ஸ்பிரிங்கோடு அது 73 ஜூலுக்கு மேல் ஏற்கும். டயர் உடற்பகுதியில் உரசாதவரை, பழைய காரைவிடச் சற்று மேலே! "பதினைந்து மில்லிமீட்டர் ஆசையை விட்டால் இவ்வளவு கிடைக்கிறதே, ஐயா!" என்று வியந்தார்.

"கணக்கு ஒப்புக்கொண்டால் போதாது, சட்டமும் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்றேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றியமைத்தல் கூடாது என்கிறது. ஆதலின் கருவிகளை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக என்று கூறி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். கார் பழைய உயரத்திற்கே திரும்பியிருந்தது. "அனுமதி உண்டா என்று தெளிவாகும்வரை இப்படியே இருக்கட்டும், ஐயா. தங்கையைக் கல்லூரியில் விட நாள்தோறும் இதில்தானே செல்கிறேன்" என்றார். வேகத்தடையின்மேல் ஏறி இறங்கினோம். ஓசையே இல்லை.