குளிர்மலையில் கோல்ஃப்: காயம் வரும் வழிகள்

கோல்ஃப் ஆடுபவர்களை அதிகம் படுத்துவது கீழ்முதுகு வலி. அதற்கு அடுத்து முழங்கை, மணிக்கட்டு, தோள். ஓட்டமும் மோதலும் இல்லாத ஆட்டத்தில் காயம் எப்படி வருகிறது என்பதற்கு ஒற்றை வீச்சே பதில். இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும் அந்த வீச்சில் கீழ்முதுகின்மேல் விழும் அழுத்தம், உடல் எடையைப் போல எட்டு மடங்கு வரை ஏறுவதாக ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். பயிற்சித் திடலில் வரிசையாக நூறு பந்து அடிப்பவர் அத்தனை தடவையும் அதைத் தாங்குகிறார்.

இந்தச் சுமையோடு குளிரும் சேரும் இடம் நுவரெலியா. அங்குள்ள கோல்ஃப் கழகம் 1889இல் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது. ஊரின் நடுவே, சைப்ரஸ், பைன் மரங்களுக்கிடையில் கிடக்கும் 18 குழித் திடல். உயரம் 1,800 மீட்டருக்கு மேல். சனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின்மேல் பனி உறைந்து கிடக்கும் நாட்களும் உண்டு. குளிரில் தசையும் தசைநாணும் இறுகியிருக்கும். இறுகியதைச் சட்டென்று முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருபவரின் நிலை இன்னும் மோசம். ரம்பொடை வளைவுகளில் மணிக்கணக்காக வாகனத்தில் மடங்கி உட்கார்ந்து வந்து, மறுநாள் காலை முதல் பந்தையே முழுப் பலத்தோடு அடிக்கிறார்.

அடிக்கும் முன் உடம்பைச் சூடேற்றப் பத்து நிமிடம் போதும். வேகமாக ஒரு நடை. காலை முன்னும் பின்னுமாக வீசுதல். மட்டையைத் தோளுக்குக் குறுக்கே வைத்து மேலுடம்பை மெல்லத் திருப்புதல். பிறகு குட்டை மட்டையால் அரை வீச்சு, முக்கால் வீச்சு. அசையாமல் நின்று நீட்டிப் பிடிக்கும் பயிற்சிகளை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கம்பளிச் சட்டையை முதல் குழியிலேயே கழற்ற வேண்டியதில்லை. பலத்தைக் காட்டவும் அவசியமில்லை: கடற்கரையோடு ஒப்பிட்டால் இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, அதே அடிக்குப் பந்து தானாகவே கூடுதல் தூரம் போகும்.

கீழ்முதுகின் ஐந்து எலும்புகள் குனியவும் நிமிரவும் அமைந்தவை. திரும்புவதற்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. வீச்சின் திருப்பம் இடுப்பு மூட்டுகளிலிருந்தும் மேல்முதுகிலிருந்தும் வரவேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு இவை இரண்டும்தான் இறுகிப்போகின்றன. அவை செய்யாத வேலையைக் கீழ்முதுகு சுமக்கிறது. ஆகவே முதுகைக் காக்கும் பயிற்சி முதுகில் தொடங்குவதில்லை. பக்கவாட்டில் படுத்து மேல்கையை மறுபக்கம் திருப்பி விரித்தல், மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குதல், முழங்கையூன்றிப் பலகைபோல் நிற்றல் ஆகியவற்றை வாரத்தில் மூன்று நாள் செய்தாலே மாற்றம் தெரியும். நிற்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் குனிவதும், இலக்குப் பக்கத்துப் பாதத்தைச் சற்று வெளிப்புறம் திருப்பி வைப்பதும் முதுகுக்கும் முழங்காலுக்கும் சுமையைக் குறைக்கும். வீச்சின் முடிவில் உடம்பைப் பின்னால் வில்லாக வளைக்கும் பழைய பாணியை விட்டுவிடுவதே நல்லது.

முழங்கை வலிக்கு மூலம் பெரும்பாலும் பிடி. மட்டையை நெரித்துப் பிடிப்பவரின் முன்கைத் தசைநாண், ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் முழங்கை எலும்பில் சேர்க்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் நாள் முழுக்கக் கத்தியை இறுகப் பிடித்துக் கவ்வாத்து வெட்டுபவருக்கும் இதே இடத்தில் வலி வரலாம். தேய்ந்து வழுக்கும் பிடியுறையை மாற்றினால் இறுக்கிப் பிடிக்கும் தேவை குறையும். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து, மணிக்கட்டை மிக மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி தசைநாணை வலுவாக்கும்.

மழை ஊறிய தரையில் மட்டை பந்துக்கு முன்னே மண்ணில் புதைந்தால் அடி மணிக்கட்டில் விழும். பைன் இலைச் சருகுக்குள் ஒளிந்திருக்கும் வேர் இன்னும் ஆபத்தானது: மட்டையின் அடிமுனை உள்ளங்கையில் குத்தி, சுண்டுவிரல் பக்கத்துக் கொக்கி எலும்பு முறிய இடமுண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் இது தப்பிவிடுவது வழக்கம். அங்கே வலி நீடித்தால் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். அப்படி வேரருகே கிடக்கும் பந்தை, ஆடமுடியாத பந்து என்று அறிவித்து எடுத்து வைக்க விதி இடம் தருகிறது. விலை ஓர் அடி அபராதம்தான்.

முதுகு வலி காலுக்கு இறங்கிக் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காயத்தைப் பற்றிய அறிவுரைகளில் அனேகமாக விடுபடுபவர் பை தூக்கும் கெடி. விதிப்படி 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். பந்தும் குடையும் மழைச்சட்டையும் சேர்ந்தால் பை 12 கிலோவைத் தாண்டும். ஒற்றைத் தோளில் மாட்டி ஏற்ற இறக்கத்தில் நான்கு மணி நேரம் நடந்தால் முதுகெலும்பு ஒரு பக்கம் சாய்ந்தே வேலை செய்கிறது. இரட்டை வார் வைத்த பை சுமையைச் சமமாகப் பகிரும். ஒற்றை வார் என்றால் ஒவ்வொரு குழிக்கும் தோள் மாற்றவேண்டும். ஏழெட்டு மட்டைகளே எடுத்து ஆடும் ஆட்டக்காரர் மீதியை அறையில் விட்டுவரலாம்.