பாடகரா, பாடகியா? – ஒரு சொல் விளக்கம்



ஈசூனில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றி உயர்நிலை மாணவி ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார். "பாடகர் மேடைக்கு வந்தார். அவர் கட்டியிருந்த பட்டுப்புடவை மின்னியது" என்று ஒரு வரி. நான் 'பாடகர்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, 'பாடகி' என்று திருத்தினேன். "ஏன் சார், பாடகர்னா ஆம்பளை மட்டுந்தானா?" என்று கேட்டார் அவர். யோசித்துப் பார்த்தால், தவறு என்னுடையதுதான்!

பாடகன் – ஆண்பால். பாடகி – பெண்பால். பாடகர் – பலர்பால்.

பலர்பால் ஆண், பெண் இருபாலாரையும் குறிக்கும். ஒருவரையே குறிக்கும்போது அது மரியாதைப் பன்மை. ஆசிரியர், மருத்துவர், எழுத்தாளர் ஆகிய சொற்களைப் பெண்களுக்கும் பயன்படுத்துகிறோம் அல்லவா? அதுபோலவே, 'பாடகர் பி. சுசீலா' என்பது பிழையன்று. 'பாடகி பி. சுசீலா' என்பதே வழக்கில் மிகுதி, அதுவும் சரியே.

உண்மையான பிழை வேறோர் இடத்தில் வருகிறது. 'பாடகர் பாடினார்' என்று ஆண்களுக்கு எழுதும் மாணவர்கள், 'பாடகி பாடினாள்' என்று எழுதிவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் இதே மாணவர்கள், "அவங்க நல்லா பாடுனாங்க" என்றுதான் சொல்வார்கள். பேச்சில் தானாக வரும் மரியாதை எழுத்தில் ஏன் காணாமற்போக வேண்டும்? 'பாடகி பாடினார்' என்றே எழுதுங்கள். கதையில் வரும் சிறுமிக்குப் 'பாடினாள்' பொருந்தும்.

அடுத்து, அடைமொழிகளைக் கவனிப்போம்.

பின்னணிப் பாடகர்: திரையில் நடிகர் வாயசைக்க, அவருக்காகக் குரல் கொடுப்பவர். சிவாஜி கணேசனுக்கும் எம்.ஜி.ஆருக்கும் பாடிய டி.எம். சௌந்தரராஜன் நல்ல எடுத்துக்காட்டு. எம்.கே. தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் தாங்களே நடித்துத் தாங்களே பாடியவர்கள். அவர்களுக்கு இந்த அடைமொழி பொருந்தாது.

மேடைப் பாடகர்: மக்கள் முன் நேரடியாகப் பாடுபவர். சமூக மன்றத்தில் ஒருவர் திரைப்பாடலைப் பாடினால் அவர் மேடைப் பாடகரே. திரைப்பாடலைப் பாடுவதால் மட்டும் அவர் பின்னணிப் பாடகர் ஆகிவிடமாட்டார்.

பாடலாசிரியர்: பாட்டை எழுதுபவர். இசையமைப்பாளர்: அதற்கு மெட்டமைப்பவர். மாணவர்கள் இவர்களையும் 'பாடகர்' என்று எழுதிவிடுவதுண்டு. நம் சிங்கப்பூர்க் கலைஞர் ஷபீர், 'சிங்கை நாடு' பாடலை எழுதி, இசையமைத்து, பாடினார். அவருக்கு மூன்று பெயர்களும் பொருந்தும்!

'பாட்டுக்காரர்' என்பது பேச்சுவழக்கு. உரையாடலில் எழுதலாம், கட்டுரையில் தவிர்க்கவும்.

சந்தியையும் மறக்க வேண்டாம்: பின்னணிப் பாடகர், மேடைப் பாடகர், மெல்லிசைப் பாடகர். மூன்றிலும் 'ப்' மிகும்.

பயிற்சி – பிழை திருத்துக:
1. புகழ்பெற்ற பாடகி மேடையில் பாடினாள்.
2. அவர் ஒரு பின்னணி பாடகர்.
3. இப்பாடலை எழுதிய பாடகர் யார்?

விடை:
1. பாடினார்
2. பின்னணிப் பாடகர்
3. பாடலாசிரியர்

ஆசிரியர்களே, சிவப்பு மையை எடுக்கும் முன் ஒரு நொடி யோசிப்போம். அந்த மாணவிக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நன்றியும் சொன்னேன்.