பெயர் கொம்பனியுடையது, கணக்கு யாருடையது?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அரியாலை வீதியில் கால் வைக்க இடமிருக்கவில்லை. அரியாலைக் குடும்பங்களும் தோட்டத்தில் நின்ற பயிரை விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போயின. 2000ஆம் ஆண்டில் அரியாலையின் கிழக்குப் பகுதி மக்கள் மீண்டும் எழும்ப வேண்டி வந்தது. இவ்வாறு பல தடவை இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். நிவாரணம் தருவதாக அறியாத ஒருவர் வந்தால், அவர் கையிலுள்ள கடிதத்தைப் பார்த்து மட்டும் நம்பிவிட முடியாது. கிராம சேவகரிடம் கேட்கவேண்டும், சங்கக் கடையில் விசாரிக்கவேண்டும். முத்திரையை எவரும் வெட்டுவிக்கலாம். ஆனால் அலுவலகத்திலுள்ள பதிவேட்டை வெளியாள் எழுத முடியாது.

இன்று அந்த அறியாத மனிதர் படலையால் வருவதில்லை. கைத்தொலைபேசிக்குள்ளால் வருகிறார். நீரிறைக்கும் இயந்திரம் பாதி விலைக்கு என்கிறார். விதை வெங்காயம் வீட்டுக்கு வரும் என்கிறார். பிணையில்லாக் கடன் என்கிறார். கனடாவில் தோட்ட வேலை என்கிறார். எல்லாவற்றையும் நாம் அறிந்த ஒரு கொம்பனியின் பெயரிலேயே சொல்கிறார். அந்தப் பெயரைப் பாவிப்பவர் உண்மையில் அந்தக் கொம்பனியைச் சேர்ந்தவரா என்பதே கேள்வி.

பெயரும் படமும் சாட்சியல்ல

முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ ஒரு கணக்குத் திறப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். எந்தப் பெயரையும் எழுதலாம். கொம்பனியின் சின்னத்தைப் பிரதிசெய்து ஒட்டலாம். உண்மையான பக்கத்திலுள்ள படங்களையும் விளம்பரங்களையும் அப்படியே எடுத்துப் போடலாம். எனவே பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது எதையும் நிரூபிக்காது.

பெயருக்குப் பக்கத்தில் நீல நிறச் சரி அடையாளம் இருந்தால் நம்பலாமா என்று சிலர் கேட்பார்கள். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் பதில் சொல்லும். 2022 நவம்பர் மாதத்தில் ருவிட்டர் நிறுவனம், மாதம் 8 டொலர் கட்டுபவர்களுக்கு அந்த அடையாளத்தை வழங்கத் தொடங்கியது. உடனே யாரோ ஒருவர் எலி லில்லி என்ற மருந்துக் கொம்பனியின் பெயரில் கணக்குத் திறந்து, நீல அடையாளத்தையும் வாங்கி, இனி இன்சுலின் இலவசம் என்று அறிவித்தார். நீரிழிவு நோயாளருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! அது தமது கணக்கல்ல என்று கொம்பனி மன்னிப்புடன் அறிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்த நாள் அதன் பங்கு விலையும் சரிந்தது. இதில் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. கொம்பனியின் உண்மையான கணக்கு ‘லில்லிபாட்’ என்ற பெயரில் இருந்தது. பொய்க் கணக்கின் பெயரிலேயே கொம்பனியின் முழுப்பெயர் இருந்தது. அதாவது உண்மையைவிடப் பொய்யே உண்மைபோலத் தோன்றியது.

வட்ஸ்அப்பில் ‘வணிகக் கணக்கு’ என்று இருப்பதும் போதிய சாட்சியல்ல. வணிகத்துக்கான செயலியை எவரும் இறக்கிப் பாவிக்கலாம். அடையாளம் படத்துக்குள் வரையப்பட்டிருந்தால் அதற்கு மதிப்பே இல்லை.

சொல்லும் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்

2021ஆம் ஆண்டில் பல நாடுகளில் ஒரு வட்ஸ்அப் செய்தி பரவியது. அமேசன் நிறுவனத்தின் 30ஆவது ஆண்டு நிறைவுக்கு இலவசப் பரிசு என்றும், சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி 20 பேருக்கு அனுப்பினால் பரிசு வரும் என்றும் அது சொன்னது. அமேசன் தொடங்கியது 1994ஆம் ஆண்டில். 2021இல் அதற்கு 27 வயதே. விரல்விட்டு எண்ணியிருந்தாலே பொய் பிடிபட்டிருக்கும். மேலும், தன் பரிசைப் பெறுவதற்கு மற்றவர்களுக்கும் செய்தி அனுப்பும்படி நேர்மையான கொம்பனி கேட்பதில்லை. அந்த நிபந்தனை செய்தியைப் பரப்புவதற்காக மட்டுமே வைக்கப்படுகிறது.

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்தப் பக்கம் எப்போது பிறந்தது? முகநூல் பக்கத்தில் ‘பற்றி’ என்ற பகுதிக்குள் பக்கத்தின் வெளிப்படைத்தன்மை என்று ஒரு பிரிவுண்டு. பக்கம் தொடங்கிய திகதியும், முன்பு வைத்திருந்த பெயர்களும், பல பக்கங்களில் அதை நடத்துபவர்கள் இருக்கும் நாடும் அங்கே தெரியும். நாற்பது வருடக் கொம்பனியின் பக்கம் போன மாதம் பிறந்திருந்தால், அல்லது அதற்கு முன்பு ஒரு சினிமாப் பக்கமாக இருந்திருந்தால், விலகி நில்லுங்கள்.

2. இணைய முகவரி எங்கே முடிகிறது? முகவரியின் தொடக்கத்தில் கொம்பனியின் பெயர் இருப்பது முக்கியமல்ல. முதலாவது தனிச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள பகுதியே உண்மையான முகவரி. ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. காசு யாருடைய கணக்குக்குப் போகிறது? கொம்பனிக்குக் கட்டும் காசு கொம்பனியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போகவேண்டும். தனி ஆளின் பெயரிலுள்ள கணக்கைத் தந்தால் கட்டவேண்டாம்.

4. ஏன் இவ்வளவு அவசரம்? ‘இன்று மட்டும்’, ‘முதல் 50 பேருக்கு’ என்பவை நாம் விசாரிக்கும் நேரத்தைப் பறிப்பதற்காகச் சொல்லப்படுபவை.

5. இரகசிய இலக்கம் கேட்கிறார்களா? வங்கி உங்கள் தொலைபேசிக்கு அனுப்பும் ஓ.ரீ.பி. இலக்கத்தை எந்தக் கொம்பனியும் கேட்கத் தேவையில்லை. அதைக் கொடுப்பது பெட்டகத் திறப்பைக் கொடுப்பதற்குச் சமம்.

இவற்றில் ஒன்று மட்டும் பிழைத்தால் அது கட்டாயம் மோசடி என்று அர்த்தமில்லை. சுன்னாகத்திலோ கொடிகாமத்திலோ உள்ள சிறிய கடைக்காரர் சென்ற மாதம்தான் முகநூலுக்கு வந்திருப்பார். அவரிடம் நேரே போய்ச் சாமானைப் பார்த்து வாங்கலாம். போக முடியாத இடத்திலிருந்து முற்பணம் கேட்பவர் விடயத்திலேயே எச்சரிக்கை வேண்டும்.

வேறு வழியால் போய் விசாரியுங்கள்

எல்லாவற்றுக்கும் மேலான விதி இதுதான்: அவர்கள் தந்த இலக்கத்துக்கே அழைத்து ‘நீங்கள் உண்மையானவரா’ என்று கேட்கவேண்டாம். கள்ளனிடமே சாட்சி கேட்ட கதையாகிவிடும். முன்பு வாங்கிய பொருளின் பற்றுச்சீட்டிலோ பெட்டியிலோ உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். அல்லது யாழ்ப்பாண நகரிலுள்ள கிளைக்குப் போய்க் கேளுங்கள்.

விவசாயம் பற்றிய விடயமானால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் விசாரிக்கலாம். கமநல சேவை நிலையத்திலும் கேட்கலாம். கடன் அல்லது வைப்புப் பணம் என்றால், அந்த நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் அறியலாம். வெளிநாட்டு வேலை என்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989. அங்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா? இந்த வேலைக்குப் பணியகம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா? 2023, 2024ஆம் ஆண்டுகளில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

கொம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் ஒரு பெயர் பதிவாகியுள்ளதா என்றும் தேடலாம். ஆனால் பதிவு உண்மையாக இருந்தாலும் கணக்குப் பொய்யாக இருக்கலாம். மோசடிக்காரர் திருடுவதே நல்ல பெயருள்ள, பதிவுள்ள கொம்பனியின் பெயரைத்தான்.

காசு போய்விட்டால்

முதலில் வங்கிக்கு உடனே அறிவியுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. செய்திகளை அழிக்கவேண்டாம். திரையைப் படம்பிடித்து வையுங்கள், வங்கிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். இலங்கைக் கணினி அவசர உதவிப் பிரிவின் இலக்கம் 101. பெயர் களவாடப்பட்ட கொம்பனிக்கும் சொல்லுங்கள். அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே.

வெட்கப்பட்டு மறைப்பதுதான் மோசடிக்காரருக்குப் பெரிய உதவி. ஒருவர் வாய் திறந்தால் அயலில் பத்துக் குடும்பம் தப்பும். மாதர் சங்கக் கூட்டத்திலும் விவசாய சம்மேளனத்திலும் இப்படியான செய்திகளை வாசித்துக் காட்டிக் கதையுங்கள். வீட்டில் கைத்தொலைபேசியை நன்கு அறிந்த பிள்ளையும், மனிதரை நன்கு அறிந்த பேரனாரும் சேர்ந்து பார்த்தால் பொய் அதிக நேரம் நிற்காது.

எல்லாவற்றையும் ஒரு தடவை இழந்து, அடியிலிருந்து மீண்டும் தோட்டம் செய்தவர்கள் நாம். ஒரு நீரிறைக்கும் இயந்திரத்துக்காகச் சேர்த்த காசுக்குப் பின்னால் எத்தனை போகத்து வியர்வை இருக்கிறது என்பதை நாம் அறிவோம். அதை அனுப்புவதற்கு முன் ஒரு நாள் பொறுத்து, ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது பெரிய வேலையல்ல. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று முன்னோர் சொன்னது கைத்தொலைபேசிக்கும் பொருந்தும்.