அவசரத்தில் பை கட்டிய கோழி எரு

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, குருநாகல் மாவட்டத்தில் எமது சிறு நகரத்தில் சேதனப் பசளை என்று எழுதிய எந்தப் பையும் கடையில் தங்கவில்லை. சீமெந்தும் குழாயும் விற்றுக்கொண்டிருந்த நானும் அப்போதுதான் எரு வியாபாரத்தில் இறங்கினேன். நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு எரு தேடி வருவோர் இன்றும் இருக்கிறார்கள். இதில் கைவைக்கலாமா என்று வியாபார நண்பர்கள் சிலர் கேட்பதால், நான் பட்ட அடியை மறைக்காமல் எழுதுகிறேன்.

அருகிலுள்ள இறைச்சிக் கோழிப் பண்ணையொன்றிலிருந்து மரத்தூளோடு கலந்த எச்சத்தை ஒரு லொறி இறக்கி, கடையின் பின்னால் குவித்தேன். இரண்டு நாளில் குவியல் ஆவி விட்டது. இரண்டு கிழமையில் சூடு அடங்கியது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, பைகளில் கட்டி விற்றேன். பத்து நாள் போகவில்லை, வழமையாக வரும் மூத்தம்மா ஒருவர் வாடிய கத்தரிக் கன்றொன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"மகன், நீங்க தந்தது பசளையா, நஞ்சா? நட்ட கன்று எல்லாம் கருகிப் போச்சே!"

அவருக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் 'அந்தக் கடையில் எரு வாங்காதீர்கள்' என்ற பேச்சைத் திருப்பி வாங்க முடியவில்லை. பல மாதம் சீமெந்து வாங்க வந்தவர்களும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிழை எங்கே என்று பின்னர் ஒரு விவசாயப் போதனாசிரியர் விளக்கினார். குவியல் ஆறியது வேறு, எரு முதிர்ந்தது வேறு. உள்ளே ஈரமோ காற்றோ தீர்ந்தாலும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும், சூடும் இறங்கிவிடும். என் குவியலின் நடுப்பகுதி காய்ந்து தூளாகக் கிடந்தது. தோட்டத்தில் தண்ணீர் பட்டதும் நின்ற வேலை மறுபடி தொடங்கி, அமோனியா வெளியேறி இளம் வேரைச் சுட்டுவிட்டது. கோழி எருவில் உப்பும் கூடுதல் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கூட்டெருவாக்கத்தில் காபன், நைதரசன் கணக்கு ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருக்க வேண்டும். தனிக் கோழி எச்சத்தில் அது 10 அளவில்தான் இருக்கும். மாட்டுச் சாணத்தில் 20 அளவு, வைக்கோலில் 60க்கும் மேல். எனவே எச்சத்தோடு காய்ந்த சருகு, வைக்கோல், தும்புத்தூள் போன்றவற்றைத் தாராளமாகக் கலக்க வேண்டும். கனவளவில் ஒரு பங்கு எருவுக்கு இரண்டு பங்குக்குக் குறையாமல் நான் இப்போது போடுகிறேன். முன்பு சருகைத் தேடி அலைந்தேன். இப்போது வீதியைக் கூட்டுகிறவர்களே கொண்டுவந்து தருகிறார்கள்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீற்றருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. நடுவில் 55 பாகை செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் நின்றால்தான் கிருமியும் களை விதையும் சாகும். கோழி எச்சத்தில் சல்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதால், பச்சையாக உண்ணும் வல்லாரை, சலாது நடுவோருக்கு விற்கும்போது இதில் விளையாடக் கூடாது. ஓர் இரும்புக் கம்பியைக் குத்தி வைத்து எடுத்தால் கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். கிழமைக்கு ஒருமுறை வெளிப்புறத்தை உட்புறமாகப் புரட்ட வேண்டும். கைப்பிடி எருவைப் பிழிந்தால் ஓரிரு துளி கசியலாம், ஒழுகக் கூடாது. மழைக்குத் தறப்பாள் மூடாவிட்டால் சத்தெல்லாம் கானில்தான் போய்ச் சேரும்.

மாட்டுச் சாணம் இவ்வளவு சுடாது. ஆனால் எமது பகுதியில் அதற்கு வேறொரு சிக்கல். புரட்டாமல் விட்ட சாணக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதுதான் பிறகு தென்னங்குருத்தைத் துளைக்கும். நாங்கள் புரட்டும்போது கண்ட புழுக்களைக் கோழிக்குப் போட்டுவிடுகிறோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஆடு மாடு கட்டும் இடங்களில் சாணமும் தின்று மிஞ்சிய புல்லும் வீணே வீசப்படுகின்றன. கேட்டால் சும்மாவே தருவார்கள்.

இனி வியாபாரிக்குரிய பகுதி. கலப்பது முதல் சூடு அடங்கும் வரை சுமார் இரண்டு மாதம், பிறகு ஆறவிட்டு முதிர இன்னொரு மாதம். மூன்று மாதத்துக்கு உங்கள் பணம் அந்தக் குவியலுக்குள் கிடக்கும். கனவளவும் ஏறக்குறைய பாதியாகும். இறக்கிய லொறியைப் பார்த்துப் பைகளை எண்ணி விலை போட்டால் நட்டம்தான், நான் முதலில் அப்படித்தான் போட்டேன்.

நிறுத்து விற்பதையும் விட்டுவிட்டேன். ஈர எருவை நிறுத்தால் தண்ணீருக்கும் சேர்த்து விலை வாங்குகிறோம். அளவை நிறுவை பற்றி நமது வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போது 10 லீற்றர் வாளியால் அளந்து கட்டுகிறேன். 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க பசளை ஒழுங்குபடுத்தல் சட்டம் இருப்பதால், பெயர் பொறித்துப் பை கட்டி விற்க முன் தேசிய பசளைச் செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பை கட்டுமுன் இரண்டு சோதனை செய்கிறேன். ஈர எருவைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை கழித்துத் திறந்தால் மண் வாசம்தான் வர வேண்டும், மூக்கை அரித்தால் இன்னும் ஆகவில்லை. மற்றது, ஒரு தட்டில் பாதி மண்ணும் பாதி எருவுமாகக் கலந்து பயறு போடுவது. அந்தத் தட்டைக் கடை மேசையிலேயே வைத்திருக்கிறேன். மூத்தம்மா இப்போதும் வருகிறார். முளை எப்படி என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாளிக்குக் காசு கொடுக்கிறார்.