காட்டுத் தீயும் வீட்டுக் காப்பும்

2009ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள். நெடுநாள் வறட்சியால் காய்ந்து கிடந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத் தீ மூண்டது. 173 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. ஆயினும் அத்தீயின் வழியிலேயே சில வீடுகள் எரியாமல் நின்றன. அப்படியானால், ஒரு வீட்டுக்கு நேரக்கூடிய அபாயத்தை முன்கூட்டியே அளந்தறிய இயலுமா?

இயலும். அந்நாட்டுக் கட்டட விதிகள், வட்டாரத்தின் வானிலையோடு மூன்று செய்திகளை நோக்குகின்றன. அருகே இருப்பது புல்லா, புதரா, பெருங்காடா என்பது ஒன்று. அதற்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தொலைவு மற்றொன்று. நிலத்தின் சரிவு மூன்றாவது. தீ மேட்டை நோக்கி விரைந்தேறும் இயல்புடையது. சரிவு 10 பாகை மிகுந்தால் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே, கீழே காடும் மேலே வீடுமாக அமைந்த குன்றில் அபாயம் மிகுதி. இவற்றைக் கொண்டு, சுவரின் ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிலோவாட் அனல் தாக்கக்கூடும் எனக் கணித்து, மனைகளை ஆறு தரங்களாக வகுக்கின்றனர்.

ஆனால், வீடுகளுள் பெரும்பாலானவற்றைக் கொளுத்துவது நேரே வரும் சுடரன்று. காற்றில் பறந்து வரும் சிறு கங்குகளே. கூரை விளிம்பில் தேங்கிய சருகு, ஓட்டின் இடுக்கு, சுவரோரத்து விறகு ஆகிய இவையே அவற்றுக்கு வாயில்கள். சருகை அகற்றுவதும், இடுக்கை அடைப்பதும், சுவரோரத்தைத் துப்புரவாக வைப்பதும் யாவர்க்கும் எளியன.

எனினும், கொடிய வெப்பமும் பெருங்காற்றும் கூடும் நாளில் எவ்வீட்டையும் முழுதும் நம்புதற்கில்லை. அன்று தீயைக் காணுமுன் வெளியேறுவதே அறிவுடைமை. வீட்டை மீண்டும் கட்டலாம். உயிரை மீட்க இயலாதன்றோ!