வக்கீலைப் பார்க்கும் முன் பீரோவைத் திறங்கள்

இந்தக் கல்யாணம் இனி ஒத்துவராது என்று முடிவாகிவிட்டது. அடுத்து என்ன? இந்து திருமணச் சட்டத்தின் (1955) கீழ் வரும் பெண்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற மதத்தாருக்குச் சட்டம் வேறு.

வீட்டில் அடி உதை இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் வெளியே வந்து 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். காகிதமெல்லாம் பிறகு.

முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிட்டால் போதாதா? போதாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி எழுதினாலும், நோட்டரி சீல் குத்தினாலும் அது விவாகரத்து ஆகாது. சாதி வழக்கப்படி செல்லும் என்பார்கள். அந்த வழக்கத்தையும் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் கல்யாணமும் செல்லாது, வழக்கும் வரும்.

எவ்வளவு நாள் ஆகும்? இருவரும் சம்மதித்தால் (பரஸ்பர சம்மத விவாகரத்து) குறைந்தது ஓராண்டு பிரிந்திருந்த பிறகு சேர்ந்து மனு போடலாம். அதன்பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிபதி அந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் மறுத்தால் வருடக்கணக்கில் இழுக்கும்.

‘வீட்டு வாடகை கொடுக்க வழியில்லாமல் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அது பிரிவு ஆகுமா?’ ஆகும். கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் கணக்கு, கூரை அல்ல.

சரி, பீரோவுக்கு வருவோம். கல்யாணப் பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்புக், வீட்டுக் கடன் தாள்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து அம்மா வீட்டிலோ தோழியிடமோ கொடுத்து வையுங்கள்.

கல்யாண ஆல்பத்தை மறந்துவிடாதீர்கள். தாய்வீட்டில் உங்களுக்குப் போட்ட நகை (சட்டத்தில் ஸ்திரீதனம்) முழுக்க உங்களுடையது. ஆனால் பத்து வருடம் கழித்து எத்தனை பவுன் என்று கேட்டால் உங்கள் அப்பா ஒரு கணக்குச் சொல்வார், மாமியார் வேறொன்று சொல்வார். ஆரமும் ஒட்டியாணமும் தெளிவாகத் தெரியும் படமும் நகைக்கடை பில்லும் கையில் இருந்தால் அந்தச் சண்டை பாதி குறையும்.

உங்கள் பேங்க் கணக்கில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது? பல வீடுகளில் கணவருடைய நம்பர்தான். உங்கள் பணத்தை எடுக்க ஓடிபி அவருக்குப் போகும்! வக்கீல் நோட்டீஸ் போவதற்கு முன்பே கிளைக்குப் போய் மாற்றுங்கள்.

ஜீவனாம்சம் கேட்டால் சம்பளத்தை மறைப்பாரே? ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக (உறுதிமொழி எழுத்து) தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருடைய சம்பளச் சீட்டின் நகல் கிடைத்தால் பொய் அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் பக்கமும் அப்படித்தான். வேலைக்குப் போகிறீர்கள் என்றால் மறைக்காதீர்கள். பால், ஸ்கூல் ஃபீஸ், மருந்து என்று மூன்று மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதி வந்தால் தொகை கேட்கும்போது திணற மாட்டீர்கள்.

குழந்தை யாரிடம்? ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் அம்மாவிடம். அதற்கு மேல் குழந்தையின் நலனைப் பார்த்துத்தான் முடிவு. அப்பாவைப் பார்க்க விடாமல் தடுப்பது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

வக்கீலுக்குப் பணம்? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். போனில் என்றால் 15100.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்கப் போனால் அதைத்தான் கேட்பார்கள். இன்சூரன்ஸ், பேங்க் கணக்கில் அவர் பெயர் நாமினியாக இருந்தால் தீர்ப்பு வந்ததால் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள்; நீங்களே போய் மாற்றுங்கள்.