மரத்துல இறகு முளைக்க வைக்கலாமா? சூட்டுப் பேனாவும் தாமிரபரணிப் பறவைகளும்!

வீட்டுல கோழி இருந்தா, கீழே உதிர்ந்து கிடக்கிற ஒரு றெக்கை இறகை எடுங்க. கோழி இல்லைன்னா கறிக்கடைக்காரர்கிட்ட கேளுங்க, சிரிச்சுக்கிட்டே கொடுத்துடுவார். சோப்பு போட்டுக் கழுவி, காயவெச்சு, போன் டார்ச்சைப் பின்னாடி பிடிச்சுப் பாருங்க.

முதல்ல ஒரு விஷயம் கண்ணுல படும். நடுத்தண்டுன்னு நாம சொல்ற தண்டு நடுவுலயே இல்லை. ஒரு பக்கம் ஒடுக்கம், இன்னொரு பக்கம் அகலம். பறக்கும்போது காத்தைக் கிழிக்கிற பக்கம்தான் ஒடுக்கமானது. தண்டுலேருந்து ரெண்டு பக்கமும் இழைகள் கிளம்புது. அதுவும் நேரா இல்லை, இறகோட நுனியைப் பார்த்து சாய்ஞ்சு, ஓரத்துக்கு வரும்போது லேசா வளையுது. விரலால தேய்ச்சா இழைகள் பிரியும். நீவி விட்டா ஜிப் மாதிரி மறுபடி ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் செய்யுற வேலை அது.

இந்த இழைகளை ஒவ்வொண்ணா, மரத்துல, சூடான முனையால கோடு கோடா இழுக்கிற கலை ஒண்ணு இருக்கு. முதல்ல மரத்தைப் பறவையா செதுக்கணும், அப்புறம் இறகுகளைச் சுட்டு வரையணும். பைரோகிராபின்னு சொல்வாங்க. நாம சூட்டுக்கோலம்னு வெச்சுக்கலாம். கைதேர்ந்தவங்க ஓர் அங்குல இடத்துல நூறு கோடு வரைக்கும் இழுப்பாங்க. தொட்டுப் பார்த்தாத்தான் மரம்னே தெரியும்.

இது எங்கேயிருந்து வந்துச்சு? வேட்டையிலேருந்து! தண்ணியில பொய்வாத்து மிதக்கவிட்டா, ‘நம்ம ஆளுங்க இருக்காங்க’ன்னு நம்பி நிஜ வாத்து இறங்கும். அமெரிக்காவுல நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில 1924-ல் கிடைச்ச பொய்வாத்துகளுக்கு வயசு சுமார் 2,000. அதெல்லாம் மரம் இல்லை, ஒருவகைக் கோரை. பத்தமடைப் பாய்க்கோரைக்குச் சொந்தக்காரப் புல்தான். பின்னாடி மரத்துல செய்ய ஆரம்பிச்சாங்க. 1918-ல் வலசைப் பறவைகளைப் பாதுகாக்கிற சட்டம் வந்து, கறிக்காகச் சுட்டு விக்கிற வியாபாரம் அங்கே படுத்துச்சு. ஆனா செதுக்கின கை சும்மா இருக்குமா? பொய்வாத்து மெல்ல மெல்ல அலங்காரப் பொருளாச்சு, அப்புறம் கலையாச்சு. மேரிலாண்ட் மாநிலத்துல கிரிஸ்ஃபீல்டுங்கிற சின்ன ஊர்ல முடிதிருத்துற கடை வெச்சிருந்த லெம் வார்டு, ஸ்டீவ் வார்டுன்னு ரெண்டு அண்ணன் தம்பிங்க இந்த மாற்றத்துல பெரிய பேர். அவங்க பேர்ல 1971-லேருந்து உலகப் போட்டியே நடந்துச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். மரத்துல இறகு செதுக்குறது தாமிரபரணிக் கரைக்குப் புதுசு இல்லை. வைகாசியில ஆழ்வார்திருநகரியில நவதிருப்பதிப் பெருமாள்களும் ஒண்ணா எழுந்தருளுற கருட சேவையைப் பாருங்க. ஒன்பது கருட வாகனம்! பொதுவா வாகனங்கள்ல இறகு எப்படி இருக்கும்? மீன் செதில் மாதிரி வரிசை வரிசையா, ஒரே அளவுல, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு கோடு. தீவட்டி வெளிச்சத்துல, இருபதடி தள்ளி நிக்கிற பக்தருக்குத் தெரியணும்ல? அதுக்கு அதுதான் சரியான வழி. ‘தத்ரூபமா இல்லையே’ன்னு அதைக் குறை சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. கருடன் ஒரு குறிப்பிட்ட பருந்தோட போட்டோ கிடையாது. சூட்டுக்கோலப் பறவை வேற ரகம். அதைக் கையில எடுத்து, மூக்குக்கிட்ட வெச்சுப் பார்ப்பாங்க.

ரெண்டையும் ஒரே நாள்ல பார்க்க ஓர் ஊர் இருக்கு: திருப்புடைமருதூர். தாமிரபரணியும் கடனா நதியும் சேர்ற இடம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள்ள, அடுக்கடுக்கா பழைய ஓவியங்களும் மரச்சிற்பங்களும். வெளியே வந்து அண்ணாந்தா, மரங்கள்ல நாரையும் கொக்கும். 2005-ல் இந்தியாவோட முதல் ‘பாதுகாப்புக் காப்பகம்’னு அறிவிச்சது இந்த ஊரைத்தான். மொத்தமே 2.84 ஹெக்டேர்!

இன்னும் நெருக்கத்துல பார்க்கணும்னா நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம். வீட்டுக் கொல்லை மரத்துலயே கூடு கட்டும், ஊர்க்காரங்க விரட்ட மாட்டாங்க. குளத்துல சேர்ற எச்சம் வயலுக்கு உரம். ஜனவரி வாக்குல போனா சங்குவளை நாரையைப் பாருங்க. றெக்கையில கறுப்பு வெள்ளை இறகுகள் கச்சிதமா, விளிம்பு தெளிவா இருக்கும். பின்பக்கம் தொங்குற ரோஜா நிற இறகுகளோ கலைஞ்ச பட்டுநூல் மாதிரி. இந்த வித்தியாசம்தான் இந்தக் கலையோட பாதிப் பாடம். கெட்டி இறகுக்குக் கூரான, நெருக்கமான சூட்டுக்கோடு. மெத்து இறகுக்கு, குறிப்பா நெஞ்சுப் பகுதிக்கு, சின்ன அரைக்கல் முனையால மேலோட்டமா இழுத்த வளைவுகள். நெஞ்சையும் கெட்டிக்கோட்டால நிரப்பினா பறவை முள்ளம்பன்றி ஆயிடும்.

போனை அங்கே சரியாப் பயன்படுத்துங்க. பறவை றெக்கையை நீட்டிச் சோம்பல் முறிக்கிற நொடிக்குக் காத்திருந்து, ஸ்லோமோஷன்ல எடுங்க. மடக்கின றெக்கையில எது மேல, எது கீழன்னு அந்த வீடியோதான் சொல்லிக் கொடுக்கும். ஆனா கூட்டுக்குக் கிட்ட போகாதீங்க.

இறகைப் பொறுக்காதீங்க!

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘மாதிரிக்கு ஒரு நாரை இறகு எடுத்துக்கலாமே’ன்னு தோணும். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காட்டு உயிரோட உடல் பகுதிங்கிற பட்டியல்ல இறகும் வருது. தானா உதிர்ந்ததுதானேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. உதிர்ந்த மயில் தோகைக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. அதனாலதான் ஆரம்பத்துலயே உங்களைக் கோழிகிட்ட அனுப்பினேன்.

சரி, எப்படிச் செய்யுறது?

மரம் வெளிர் நிறமா, ரேகை நெருக்கமா, பிசின் இல்லாம இருக்கணும். நம்ம பக்கம் குமிழ் நல்ல தேர்வு. உளிக்கு இணங்கும், சூட்டுக்கோடு பளிச்னு தெரியும். தேக்கு வேண்டாம், எண்ணெய்ப் பசை புகையும். அம்பாசமுத்திரம் பக்கம் போனா சொப்பு சாமான் செய்யுற கடைசல் வேலையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. சுத்துற மரத்துல அரக்குக் குச்சியை அழுத்தினா, உரசல் சூட்டுலயே அரக்கு உருகிப் பூசிக்கும். சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவுங்கிற கணக்கு அந்தக் கைகள்ல இருக்கு. நமக்கும் வேண்டியது அதேதான்.

சூட்டுப் பேனாவுக்கு ஆன்லைன்ல சூட்டைக் கூட்டிக் குறைக்கிற செட் கிடைக்கும். காசு பத்தலைன்னா எலெக்ட்ரிக்கல் கடையில புது சால்டரிங் அயர்ன் வாங்கி, ஆன் பண்றதுக்கு முன்னாடியே செப்பு முனையை அரம் போட்டுக் கத்தி மாதிரி ராவிக்கோங்க. ஏற்கெனவே ஈயம் பத்தவெச்ச பழைய அயர்ன் வேண்டவே வேண்டாம்.

முதல் நாளே முழுப் பறவையில கை வைக்காதீங்க. உள்ளங்கை அளவு பலகையில ஓர் இறகு போதும். பென்சில்ல வரைஞ்சு, தண்டுக்கு ரெண்டு கோடு நெருக்கமா இழுங்க. அப்புறம் தண்டுலேருந்து ஓரத்துக்கு இழைகள். முனை மரத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே கை நகர்ந்துக்கிட்டு இருக்கணும், விமானம் ரன்வேயில இறங்குற மாதிரி. நகரும்போதே தூக்கிடவும் வேணும். நின்னா அந்த இடத்துல கரும்புள்ளி விழும், அழிக்க முடியாது. அங்கங்கே ரெண்டு மூணு இழை பிரிஞ்ச மாதிரி ஒரு வெடிப்பு விடுங்க. வெடிப்பே இல்லாத இறகு பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்.

பலகை கைவந்தா மாடப்புறா செய்யலாம். கோயில் கோபுரம் எங்கும் மாடல் இலவசம்! ஒரு றெக்கைக்கு முதன்மை இறகு 10, வாலுக்கு 12. ஒவ்வொரு இறகோட விளிம்பையும் உளியால படி மாதிரி இறக்கி, உப்புத்தாள் போட்டு, அப்புறம்தான் சூடு. வால்லேருந்து ஆரம்பிச்சு தலையை நோக்கி வரணும். ஓட்டு வீட்டுக்கு ஓடு அடுக்குறது எப்படி? கீழ் வரிசை முதல்ல, மேல் வரிசை அதுமேல ஏறும். அதே கதைதான். கீழ் இறகோட கோடுகள் மேல் இறகு விளிம்புக்கு அடியில போய் மறைஞ்சாத்தான் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்ச உணர்வு வரும். தலையிலேருந்து ஆரம்பிச்சா ஒவ்வொரு விளிம்புலயும் முட்டி நிப்பீங்க.

புகை விஷயத்துல விளையாடாதீங்க. ஜன்னல் திறந்திருக்கணும். ஃபேன் உங்க முகத்துலேருந்து புகையை வெளியே இழுக்கணும், முனைமேல ஊதக் கூடாது. ஊதினா முனை ஆறிடும். பிளைவுட், எம்.டி.எஃப், பெயின்ட் அடிச்ச பழைய பலகை எதையும் சுடாதீங்க. அதுல இருக்கிற பசை, ரசாயனம் எல்லாம் நெஞ்சுக்குள்ள போகும். ரோட்டோரம் கிடைக்குதேன்னு அரளிக்கட்டையைத் தொடவே தொடாதீங்க, அதோட புகையும் விஷம். உப்புத்தாள் போடும்போது மாஸ்க் போட்டுக்கோங்க.

வண்ணம் உங்க இஷ்டம். அடிக்கிறதா இருந்தா அக்ரிலிக்கைத் தண்ணி மாதிரி கரைச்சு, பல தடவை மெல்லிசா. ஒரே தடவையில கெட்டியா அடிச்சா, கண்ணு வலிக்க இழுத்த கோடெல்லாம் அடைஞ்சுடும். தவிட்டுக்குருவி மாதிரி மங்கின நிறப் பறவைக்கு வண்ணமே வேண்டாம், சுட்ட பழுப்பே போதும். வெள்ளைக் கொக்குதான் ரொம்பக் கஷ்டம். சுட்ட பழுப்பும் மறையணும், கோடும் அடையக் கூடாது. அதை நாலாவது, அஞ்சாவது பறவையா வெச்சுக்கோங்க.